கட்டைவிரல் மேடம்

அப்பா டயருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய இன்ஜின் ஆயில்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஹைதராபாத் நாச்சாரத்தில் எங்கள் வீட்டு வாசல். பக்கெட்டை டங்கென்று வைத்தேன்.

எண்ணெய் வைத்த டயர் தெருமுனை தாண்டுவதற்குள் ஊர்ப் புழுதியை எல்லாம் வாரிப் பூசிக்கொள்ளும், ஹைடெக் சிட்டி போய்ச் சேரும்போது அது டயராக இருக்காது, அதிரசமாக இருக்கும் என்றேன்.

அப்பா நிமிரவில்லை. முப்பது வருஷம் லாலாகுடா ரயில்வே பட்டறையில் இருந்தவர். ஓடுகிற எதற்கும் எண்ணெய் போட வேண்டும். அதுதான் அவருக்கு மதம். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்து, டாக்ஸி ஓட்ட இண்டிகா கார் எடுத்தார்.

மறுநாள் அந்த இண்டிகாவுக்குப் பரிசோதனை. ஹைடெக் சிட்டியில் ஒரு கம்பெனி, ஆட்களை ஏற்றி இறக்க வண்டி எடுக்கிறது. தேறினால் கண்ணாடியில் ஸ்டிக்கர். தேறாவிட்டால் மறுபடி தார்நாகா ஸ்டாண்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மூன்று மாதமாக அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே ஒருத்தி இருக்கிறாளாம். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கட்டைவிரல் மேடம். டயரில் கட்டைவிரலை வைத்து ஒரு தேய் தேய்ப்பாளாம். விரலில் எண்ணெய் ஒட்டினால் வண்டி வெளியே. கெஞ்சினாலும் அழுதாலும் வேண்டாம் என்று ஒரே 'நக்கோ'தான் பதிலாம். தமிழ்க்காரியாம். அவள் சிரித்தே யாரும் பார்த்ததில்லையாம். பக்கத்து வரிசையில் ஃபாத்திமா என்று ஒரு பெண், தங்கமான பிள்ளை, பேசாமல் அங்கே போய் நின்றுவிடு என்று ஸ்டாண்டில் எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இப்படி ஒருத்திய எந்த மகராசன் பெத்தானோ" என்றார் அப்பா.

எனக்குச் சுரீரென்றது. ஒரு பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் பெற்றவன் வரைக்கும் இழுப்பீர்களா என்று கத்தினேன். எண்ணெய் வழிகிற டயர் மழையில் பிரேக்குக்கு நிற்காது, உள்ளே உட்கார்ந்திருக்கிற நாலு உயிர் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, உங்களுக்குப் பளபளப்பு மட்டும்தான் தெரிகிறது என்றேன்.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார்.

சோப்புத்தூளைக் கரைத்து, துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன். முதல் நுரை டிகாக்ஷன். இரண்டாவது நுரை காப்பி. மூன்றாவது பால். பால் வரும்வரை விடக் கூடாது.

மாடியிலிருந்து அலமு அக்கா, கம்ப்யூட்டரில் இருக்கிற பெண்ணை டயர் கழுவ வைத்திருக்கிறீர்களே என்று அப்பாவைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். தெருவில் டி.வி. ரிமோட் கெட்டாலும் என்னிடம்தான் வரும்.

அப்புறம் தார்நாகாவில் வேணுகோபால் கடை. டயர் பாலிஷ் வாங்கப் போனோம். அப்பா எடுத்தது எண்ணெய் பாட்டில். பூசினால் டயரில் முகம் பார்க்கலாம். நான் எடுத்தது தண்ணீரில் கலந்த பாலிஷ், மோர் மாதிரி இருக்கும். காய்ந்தால் புது டயரின் கருப்பு. அவ்வளவுதான், மின்னாது.

கடைக்காரர் அப்பாவிடம் மட்டுமே பேசினார். நான் ஏதோ கூட வந்த பை.

வாசலில் கிடந்த பழைய டயரில் ஒரு பக்கம் அப்பாவின் பாட்டில், மறுபக்கம் என் பாட்டில் என்று தடவினேன். கால் மணி நேரம் காயவிட்டு, ரோட்டுப் புழுதி ஒரு பிடி அள்ளி இரண்டின் மேலும் போட்டு ஊதினேன். என் பக்கம் பறந்தது. அப்பாவின் பக்கம் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

வேணுகோபால் என் பாட்டிலைப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து ஸ்பாஞ்சில் தொட்டு, டயரின் பக்கவாட்டில் மட்டும் பூசினேன். ரோட்டில் படுகிற இடத்தில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அப்பா ஒரு டயருக்கு அந்த இடத்திலும் பூசிவிட்டார். கூடவே டிக்கியில் இருந்த ஸ்டெப்னிக்கும்.

"தலைக்கு எண்ணெ வச்சா பின்னந்தலைய விட்டுடுவாங்களாடி?"

மறுபடி சோப்பு. மறுபடி டிகாக்ஷன், காப்பி, பால்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. கம்பெனி வாசலில் இரண்டு வரிசை. ஃபாத்திமாவின் வரிசை நீளமாக வளைந்து பஸ் ஸ்டாப் வரை போயிருந்தது. என் வரிசை குட்டை. பதினோரு வண்டி பார்த்து முடித்திருந்தேன், அதில் நாலு நக்கோ.

ஆமாம், எனக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு அட்டை, ஒரு பேனா, ஒரு கட்டைவிரல். வீட்டில் சொல்லவில்லை. அப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, நான் எங்கே போய்த் திருத்துவது?

பன்னிரண்டாவதாக வந்து நின்றது அப்பாவின் இண்டிகா.

ஃபாத்திமாவின் வரிசையைக் கண்ணால் காட்டினேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. இறங்கி, பேன்ட் பையிலிருந்து ஒரு பிடி பஞ்சு வேஸ்ட் எடுத்து நீட்டினார். பட்டறையில் கை துடைக்கிற அதே நூல் பஞ்சு.

"மொதல்ல வெரலத் தொடச்சுக்குங்க மேடம். மத்தவன் வண்டி அழுக்கு என் டயர்ல வேணாம்."

துடைத்தேன். நாலு டயரிலும் அழுத்தித் தேய்த்தேன், மற்றவர்களுக்குத் தேய்த்ததைவிட இரண்டு மடங்கு. விரல் சுத்தம். ஸ்டிக்கரை ஒட்டினேன்.

அப்பா வண்டியில் ஏறினார். கண்ணாடியை இறக்கி, பின்னால் நின்ற ஸ்டாண்டு மணிவண்ணன் அண்ணனைப் பார்த்து, வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ரொம்ப ஸ்ட்ரிக்டுப்பா. எந்த மகராசன் பெத்தானோ!"

நான் சட்டென்று அடுத்த வண்டியின் டயருக்குக் குனிந்துகொண்டேன். சிரிப்பதைப் பார்த்துவிட்டால் நாளையிலிருந்து ஒருத்தனும் டயர் கழுவ மாட்டான்.