உண்மை பேசும் நோயாளிகள்

நர்சிங் மாணவிகள் படிப்பதற்காக அமலி கணினித் திரையில் நோயாளிகளை உருவாக்கினாள். தொட்டால் முனகுவார்கள், கேட்டால் பதில் சொல்வார்கள். முதலில் சிலரை வலியை மறைப்பவர்களாகத்தான் செய்திருந்தாள். "இவங்களால மார்க் போகுது" என்று மாணவிகள் ஓயாமல் புகார் செய்யவே, சலித்துப்போய் அத்தனை பேரையும் உண்மை பேச வைத்துவிட்டாள். பாடம் அமோகமாக ஓடியது. கல்லூரிகள் வார்டுப் பயிற்சியையே நிறுத்திவிட்டன.

இன்று அமலியின் அம்மா, மகளின் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. நர்ஸ் சுபாஷினி, அமலியின் பாடத்தில் முதலாவதாக வந்தவள், அன்பாகக் குனிந்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா, வாயுதான். இவதான் பயந்துபோய்க் கூட்டிட்டு வந்துட்டா."

அமலி பதறினாள். "சிஸ்டர், அம்மா பொய் சொல்றாங்க. முகத்தைப் பாருங்க, டாக்டரைக் கூப்பிடுங்க!"

சுபாஷினி பொறுமையாக மறுபடியும் கேட்டாள். "நெஞ்சு வலிக்குதாம்மா?"

அம்மா மகளின் கலங்கிய முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "இல்லம்மா."

சுபாஷினி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அலட்சியம் இல்லை. நிஜமாகவே புரியாமல் விழித்தாள்.

"வலிச்சா சொல்ல மாட்டாங்களாக்கா?"

கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அமலியின் கைக்குள் அம்மாவின் விரல்கள் சில்லிட ஆரம்பித்திருந்தன.