தொட்டி விளிம்பில் ஒரு பீர் ஜாடி

“ஒரு குமிழிகூட வரலை. வீட்டுல போட்ட பீர் செத்துப்போச்சு, கொட்டப்போறேன்” என்று ரெஜினா போனில் யாரிடமோ சொன்னது ஜாடிக்குள் கேட்டது.

“கேட்டியா, ஈஸ்ட் அக்கா? இன்னிக்கே நமக்கு அடக்கமாம்!” என்று மூடி சிரித்தது.

அடியில் சுருண்டு கிடந்த ஈஸ்ட்டுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. “ஏசிக்கு நேரா வச்சு விறைக்க வச்சது அவ. செத்தது நானா? பார்லிச் சர்க்கரை இன்னும் பாதி கிடக்கு. அதைத் தின்னு முடிக்காம நான் எங்கேயும் போறதா இல்லை.”

ரெஜினா ஜாடியைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில், ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு, வந்து கொட்டலாம் என்று துணி துவைக்கப் போனாள். கண்ணாடி சூடேறியது. ஈஸ்ட் சோம்பல் முறித்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது; குமிழிகள் கிளம்பி மூடியை முட்டின.

“மெதுவாக்கா! எனக்கு மூச்சு முட்டுது!” என்று மூடி அலறியது.

“வேணும்னா நீ இறங்கிக்கோ.”

ரெஜினா வந்து ஜாடியைச் சாய்க்கப்போன நேரத்தில், ஈஸ்ட் பொங்கி எழுந்து மூடியைக் கூரைக்கு வீசியது.