ஃப்ரீசரில் ஒரு பச்சை வெளிச்சம்

பக்கத்துப் பட்டறையின் லேத் சத்தம் சட்டென்று நிற்கிறது. கோவை கணபதிப் பகுதியில் மின்சாரம் போனதை எல்லோரும் அப்படித்தான் அறிகிறார்கள். பத்மாவதி ஜன்னல் சாத்திய சமையலறைக்குள் ஓடி ஃப்ரீசரைத் திறக்கிறாள். உறைபனிக்கு நடுவே, விரல் நீளப் பிளாஸ்டிக் குச்சி ஒன்று மங்கலான பச்சையில் ஒளிர்கிறது. சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தது. வளைத்து உடைத்தால் ஒரு ராத்திரி எரியும், குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, "நாளைக்கும் வேணும்மா" என்று மகள் லாஸ்யாவே இங்கே வைத்தாள். மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் லாரி மோதிவிட்டது. அவள் போய் இன்று ஒன்பதாம் நாள். பத்மாவதி குச்சியை உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறாள். விரலிடுக்குகளில் பச்சை கூடுகிறது. "ஏனுங்க, இங்க வாங்களே. பாப்பா குச்சி நல்லா எரியுதுங்க." கணவர் பாலகோபால் நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறார். "அது உன்ற கைச்சூடு பத்மா. சூடு பட்டா பளிச்சுனு எரிஞ்சு சீக்கிரமே தீந்துரும். உள்ள வெச்சுப்போடு அம்மணி." "தெரியுமுங்க," என்கிறாள் அவள். "ஆஸ்பத்திரியில அவளையும் ஐஸ்லதானுங்க வெச்சிருந்தாங்க." லேத் மறுபடி இரைகிறது. ஃப்ரிட்ஜ் முனகத் தொடங்குகிறது. அவள் முன்னிலும் இறுகப் பொத்திக்கொள்கிறாள். பச்சை இப்போது மணிக்கட்டு வரை தெரிகிறது.