பாலத்துக் காற்று

"மறுபடியும் பாலத்துக்கா?" என்றாள் மனைவி. கேட்டாளே தவிர, தலை சீவிக்கொண்டு தயாராகத்தான் இருந்தாள்.

"காத்து நல்லா இருக்கும், வா" என்றான் அவன்.

ஒரு வாரமாக இதே கூத்து. அலுவலகம் விட்டு வந்ததும் காரை எடுப்பான். ஆற்றின் மேல் புதிதாக வந்திருக்கும் பெரிய பாலத்தில் அக்கரைக்குப் போவான், வண்டியைத் திருப்பி இக்கரைக்கு வருவான், மறுபடி அக்கரை. சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுக்கும் பெண் அவனைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன சார், அந்தப் பக்கம் எதையாவது மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களா?"

கார் நகர்ந்ததும் மனைவி அவன் தோளில் சாய்ந்தாள். "கல்யாணமான புதுசுல பஸ் ஸ்டாண்டுக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப என்ன திடீர்னு இவ்வளவு பாசம்?"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. பாலத்தின் நட்டநடுவில் உண்மையைச் சொல்லிவிட்டான்.

பாலம் கட்ட அரசாங்கத்திடம் பணமில்லை. ஒரு கம்பெனி தன் செலவில் கட்டும், இருபது வருஷம் சுங்கம் வசூலித்துக்கொள்ளும், பிறகு அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் என்று ஒப்பந்தம். ஆனால் வருஷத்துக்கு இத்தனை வண்டிகள் போகும் என்று அரசாங்கம் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். குறைந்தால், குறைகிற வண்டிகளுக்கான சுங்கத்தை அரசாங்கமே கம்பெனிக்குக் கட்ட வேண்டும்.

அந்த 'இத்தனை'யை அரசாங்கத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது அவன்தான். அலுவலகத்தில் அவனுக்குக் கணக்குப்புலி என்று பெயர். இழுப்பறையில் எப்போதும் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலை ஒளித்து வைத்திருக்கும் புலி. கணக்குப் போட்ட வாரம் அவன் படித்துக்கொண்டிருந்த நாவலில், பனி மூடிய ஏதோ ஒரு தேசத்தில் பாலம் திறக்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள். புலி ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தான். அவனுக்கும் வண்டிகள் தெரிந்தன. எண்ணி எழுதிவிட்டான்.

பழைய பாலம் சுற்றுவழிதான், ஆனால் இலவசம். ஊரில் எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள், காசு கொடுத்தாவது சீக்கிரம் போவார்கள் என்பது அவன் அனுமானம். தானே ஒரு நாளும் பத்தரைக்கு முன்னால் அலுவலகம் போனதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"முதல் வருஷம் இந்த ஞாயித்துக்கிழமையோட முடியுது. இன்னும் சில நூறு வண்டி இடிக்குது" என்றான். "குறைஞ்சா, எங்கயாவது ஒரு கிடங்குல சிமெண்ட் மூட்டை எண்ண அனுப்பிடுவேன்னு டைரக்டர் சொல்லிட்டார்."

டைரக்டர் சொன்னால் செய்கிறவர். லிஃப்ட் வர அரை நிமிஷம் தாமதமானதற்காகப் பக்கத்திலேயே இன்னொரு லிஃப்ட் போடச் சொல்லி, போட்டும் காட்டியவர்.

மனைவி தோளிலிருந்து தலையை எடுத்தாள். "அப்ப இந்தக் காத்து எல்லாம்...?"

"காத்தும் நல்லாத்தானே இருக்கு."

"நானும் ஒரு மடச்சி, தினமும் நல்ல துணியா உடுத்திக்கிட்டு வரேன்!" என்றாள். திரும்பிப் பாலத்தில் வந்த வண்டிகளை விரல்விட்டு எண்ணினாள். பிறகு, "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, என் சித்தப்பாவோட லாரியையும் ஓட விட்டிருக்கலாம்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தம் மொத்தமும் பாலத்தில் இறங்கியது. மச்சானின் வேன், சித்தப்பாவின் லாரி, வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத பெரியப்பாவின் கார்கூட வந்தது.

"எதுக்கும்மா இந்த ஊர்வலம்?" என்று பெரியப்பா கேட்டார்.

"பாலத்துக்குப் பிறந்தநாள் பெரியப்பா. நிறுத்தாம ஓட்டுங்க" என்றாள் அவள்.

சுங்கம் மட்டும் புலியின் பையிலிருந்து. அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கம்பெனியிடம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். அரசாங்கமே நேராகக் கொடுத்திருக்கலாம். அவனுக்கு அலைச்சலாவது மிச்சம்.

மாலையில் பாலம் திணறியது. எங்கோ பின்னால் ஒரு கறுப்புக் கார் மாட்டிக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்தது. மச்சான் வேனிலிருந்து தலையை நீட்டி, "யோவ், அவ்வளவு அவசரம்னா பறந்து போ!" என்று கத்தினான். சொந்தமே சிரித்தது. புலியும்தான்.

இருட்டுகிற நேரத்தில், புலி சொல்லி வைத்திருந்த எண்ணிக்கை வந்ததும் சாவடிப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கணக்கு நேராகிவிட்டது.

மறுநாள் புலி ஒன்பது மணிக்கே அலுவலகத்தில் இருந்தான். டைரக்டர் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருய்யா புலி. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். உன் கணக்குதான்யா கணக்கு."

"எல்லாம் உங்க தயவு சார்."

"நேத்து அக்கரையில மக வீட்டுக்குக் கிளம்பினேன். பாலத்து நடுவுல ஒரு மணி நேரம் நிக்கறேன். எவனோ ஒருத்தன் என்னைப் பறந்து போகச் சொல்றான்!"

புலி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"மந்திரிகிட்டப் பேசி முடிச்சுட்டேன். பக்கத்துலயே இன்னொரு பாலம். அதே கம்பெனி, அதே உத்தரவாதம்." டைரக்டர் பேனாவைத் திறந்து அவனிடம் நீட்டினார்.

"எத்தனை வண்டி போகும்னு நீயே எழுதிடு."