ஐம்பத்திரண்டாவது நிமிஷம்

"மறுபடியும் வந்துட்டான்யா!"

டார்ச்காரருக்குக் கை பரபரத்தது. பதினெட்டு வருஷமாக அதே தியேட்டரில், அதே இருட்டில் ஆட்களுக்கு சீட் காட்டுகிறவர். சீட்டில் உட்காரும் சத்தத்தை வைத்தே ஆள் டிக்கெட் வாங்கினவனா, ஓசியா என்று சொல்லிவிடுவாராம். அவர் சொன்னதுதான். சாட்சி கிடையாது.

நேற்றுக் காலைக் காட்சிக்கு அந்த ஆள் தனியாக வந்திருந்தான். ஓடுவதோ குழந்தைகள் படம். முன்பு கார்ட்டூனாக வந்த மாயாஜாலக் கதை, இப்போது நிஜ மனிதர்கள் நடித்து வந்திருந்தது. அரங்கம் முழுக்க வாண்டுகள். நடுவில் மீசை வைத்த ஒற்றை ஆள். வாட்சைப் பார்ப்பான், குட்டி நோட்டில் கிறுக்குவான், திரும்ப வாட்ச்.

மேனேஜரிடம் ஓடினார். "சார், திருட்டுத்தனமா படம் பிடிக்க ஒருத்தன் நோட்டம் பார்க்கறான்."

"நம்ம தியேட்டர்லேர்ந்து படம் வெளியே போச்சுன்னா, அது பின்னாடியே நீங்களும் போக வேண்டியதுதான்" என்றார் மேனேஜர்.

அதற்கப்புறம் சோறு இறங்குமா?

இன்று அதே மீசை. கூடவே ஏழு வயசுப் பெண்.

'அடப்பாவி! யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு பிள்ளையை வேற இழுத்துட்டு வந்திருக்கானே!'

அவர்களுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார். பறக்கும் குதிரை வந்தது, பேசும் மரம் வந்தது. பாப்பா கைதட்டிச் சிரித்தாள். மீசைக்காரன் மட்டும் வாட்சைப் பார்த்து நெளிந்தான்.

"அப்பா, பாத்ரூம்" என்றாள் பாப்பா.

அவ்வளவுதான், அவளைத் தூக்காத குறையாக வெளியே கூட்டி வந்தான். பின்னாலேயே டார்ச்காரர். பாப்பா பாத்ரூமுக்குள் போனதும் கையை நீட்டினார்.

"அந்த நோட்டை எடுங்க."

அவன் எடுத்துக் கொடுத்தான். உள்ளே இவ்வளவுதான் இருந்தது:

'ராணியம்மா மேகமா மாறிப் போற இடம். கார்ட்டூன்ல 40-வது நிமிஷம். இதுல 52. ஏழு நிமிஷம் வெளியே இருந்தா போதும்.'

"இவ அம்மா போய் எட்டு மாசம் ஆகுதுண்ணே" என்றான் மெதுவாக. "வீட்ல கார்ட்டூன் ஓடினா, நாப்பதாவது நிமிஷம் ரிமோட்டை எடுத்துத் தாண்டி ஓட்டிடுவேன். புதுசா வந்ததைப் பார்த்தே தீரணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அதான் முன்னாடியே வந்து நேரம் குறிச்சேன். என்ன சாக்கு சொல்லிக் கூட்டிட்டு வர்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, அவளே பாத்ரூம்னுட்டா."

டார்ச்காரர் அணைந்தே கிடந்த டார்ச்சை இன்னொரு தடவை அணைத்தார்.

"எதிர்லதான் கவுன்ட்டர். பாப்கார்ன் வாங்கிட்டு வாங்க தம்பி. பாப்பா வந்தா நான் நிறுத்தி வைக்கறேன்."

அவன் அந்தப் பக்கம் திரும்பினானோ இல்லையோ, பாத்ரூம் கதவு இடுக்கில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பாப்பாவின் கையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"அங்கிள், ராணி மேகமாயிட்டாங்களா?"

டார்ச்காரர் திடுக்கிட்டார். "அது உனக்கெப்படித் தெரியும்?"

"அம்மாகூட நூறு தடவ பார்த்திருக்கேனே! கடைசியில மழையா திரும்பி வருவாங்க. மழை வர்றதுக்குள்ள அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போயிடணும்."

"அப்போ அந்த இடத்தைப் பார்த்தா உனக்கு அழுகை வராதா?"

பாப்பா கவுன்ட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு இல்ல அங்கிள், அப்பாவுக்குத்தான் வரும். இங்க ரிமோட் வேற இல்லையா... அதான் பாத்ரூம்னு பொய் சொன்னேன்."