கட்டில் காலி இல்லை

"கைய உள்ள வை. வெளிய காட்டாதே, கேட்டோ?" என்று அதட்டிய மேட்ரன் ஏலியாம்மா, அங்கம்மாளின் தோல் உரிந்த கைகளைப் போர்வைக்குள் தள்ளினாள்.

அங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. அடுத்த கட்டிலில் பாக்கியலக்ஷ்மி தேவைக்கு அதிகமாகவே முனகிக்கொண்டிருந்தாள்.

எர்ணாகுளத்திலும் ஆலுவாவிலும் கொடிகட்டிப் பறந்த பெரிய ஆஸ்பத்திரி அது. நாட்டில் எமர்ஜென்சி முடிந்த கையோடு மட்டாஞ்சேரியிலும் ஒரு கிளையைத் திறந்து, நர்சிங் பள்ளி நடத்த அனுமதி கேட்டிருந்தார்கள். கட்டில்களெல்லாம் நிரம்பியிருக்கின்றனவா என்று வார்டைப் பார்வையிட மதராஸிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்திருந்தார். ஆபீஸ் அறையில் அவருக்குச் சாயாவும் வறுத்த முந்திரியுமாக உபசாரம் நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வராந்தாவில் இருமல் சத்தம் கேட்டது.

அங்கம்மாள் ஒரு கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே பார்த்தாள். சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஒச்சப்பன், பெண்டாட்டி வீரலட்சுமியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். அதே கிடங்கில் சுக்குப் புடைத்துப் புடைத்து, தூசியில் நெஞ்சு கெட்டுப்போனவள் அவள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மூச்சு நிக்கப் போகுதும்மா. ஒரே ஒரு கட்டில் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கண்ணு தெரியலியா? எல்லாக் கட்டில்லயும் ஆளுண்டு. போட் புடிச்சு எர்ணாகுளம் போ." மேட்ரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கரை போற வரைக்கும் தாங்க மாட்டாளே!"

வீரலட்சுமி சுவரோரம் சரிந்து அப்படியே தரையில் படுத்துவிட்டாள். மேட்ரன் வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள். "இவளை உள்ள எடுத்தா புது விரிப்பெல்லாம் கோழையாக்கிடுவா. பெரிய டாக்டர் வரும்முன்ன பின்வாசலுக்குக் கொண்டு போ, வேகம்!"

வாசலில் ஒரு உயிர் கிடந்து போராடுகிறது, இவளுக்கு விரிப்பைப் பற்றிக் கவலை! த்தூ, இதுவும் ஒரு ஆஸ்பத்திரியா என்று அங்கம்மாள் மனசுக்குள் காறித் துப்பினாள்.

பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாள். "இந்தக் கட்டிலை அவளுக்குக் குடுங்கம்மா. நான் எறங்கிக்கிடுதேன்."

"மிண்டாம கெட!" மேட்ரன் பல்லைக் கடித்தாள். "வாயத் தொறந்தா, நாளைக்கு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

இந்த வாசலை விட்டால் அங்கம்மாளுக்கும் வேறு கதி இல்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

பெரிய டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "பேஷ்! ரொம்பச் சுத்தம். ஒரு கட்டில்கூடக் காலி இல்லையே!" மேட்ரன் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

பின்வாசல் பக்கமிருந்து இருமல் விட்டு விட்டுக் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. ஒச்சப்பன் "ஏ வீரு! வீரு!" என்று கத்துவது மட்டும் கேட்டது.

டாக்டர் அங்கம்மாளின் கட்டிலருகே குனிந்தார். "உனக்கு என்னம்மா செய்யுது?"

அங்கம்மாள் மேட்ரனைப் பார்த்தாள். மேட்ரன் கண்ணை உருட்டினாள். அங்கம்மாள் போர்வையை உதறிவிட்டு எழுந்து, இரண்டு கைகளையும் டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பினாயில்ல வெந்த கை இது அய்யா, நாங்க அத்தனை பேரும் இங்க கூட்டித் தொடைக்கிறவங்க. சீக்காளி அந்தா பின்வாசல்ல கெடக்கா!"