நின்ற ஒரே கார்

வல்லநாட்டுப் பாலத்தருகே செலினின் கார் பழுதாகி நின்றது. பின்சீட்டில் கணவர் ரெக்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகுமாம். செலின் சாலையில் இறங்கிக் கைகாட்டினாள்.

ஓட்டுநரில்லாத கார்கள் அவளைத் தூரத்திலேயே கண்டு, வேகம் குறைத்து, பதவிசாக விலகிப் போயின. ஒன்றில் இருந்தவர் பதறிக் கண்ணாடியைத் தட்டினார். அவர் காலடியில் பிரேக் கிடையாது.

அவள் சாலையின் நடுவே போய் நின்றாள். ஒரு கார் நின்றது. உள்ளே ஆளில்லை.

"எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். கதவத் தெறங்க."

"மன்னிக்கவும். இது வேறொருவர் அழைத்த வண்டி. வழிவிடுங்கள்," என்றது கார்.

செலின் அதைக் கும்பிட்டாள்.

பின்னாலிருந்து ரெக்ஸின் குரல் மெலிதாகக் கேட்டது. "அதப் போயி எதுக்குக் கும்பிடுத? எம் பக்கத்துல வந்து இரு, செலின்."

அவள் வழிவிட்டாள். திரும்பிப் போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.